புகைப்பவர் ஒருவர், இரைப்பவர் மற்றொருவர்



மே மாதம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அன்னை மரியாவின் வணக்க மாதம். அதே மாதத்தில் நலவாழ்வுக்கென்றும் இரண்டு நாள்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா நாள். இது 1998ஆம் ஆண்டு தொடங்கியது. மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். ஆஸ்துமாவுக்கென்று ஒரு நாள் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. புகையிலை எதிர்ப்பு நாளன்று ஆலய அறிவிப்புப் பலகையில் ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டு, திருப்பலி முடிவில் "புகைக்காதீர்கள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். இந்த இரண்டு நாள்களையும் சேர்த்துப் பார்க்க நமக்குக் கற்றுத் தந்தவன் ஒரு பீடச் சிறுவன்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குத் திருவிழா. நற்கருணை ஆசீர் நேரம். தூபக்கலசத்தைப் பிடித்திருந்தவன் ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன். திருவிழா அல்லவா, நாமும் சாம்பிராணியைத் தாராளமாகவே போட்டோம். பீடத்தைச் சுற்றிப் புகை மண்டியது. ஆசீர் முடிந்து வந்து பார்த்தால், பையன் திருப்பொருள் அறையின் சுவரில் சாய்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போகிறது. காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான் என்று நினைத்து ஒரு சோடா வாங்கிவரச் சொன்னோம். செவிலியர் பயிற்சி பெற்ற அருள்சகோதரி ஒருவர் அப்போது அங்கே வந்தார். "சாமி, இது பசி இல்ல, இழுப்பு" என்று சொல்லி, அவனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அன்று அவர் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இரண்டு நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் தாய் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாத்தா பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே அறை, அதன் ஓரத்திலேயே விறகடுப்பு. எரிவாயு சிலிண்டரும் இருந்தது. "டீ போட மட்டும்தான் சாமி அது. சோறு பொங்க விறகுதான். சிலிண்டர் தீர்ந்தா உடனே வாங்க முடியுமா?" என்றார் அந்தத் தாய். பையனுக்கு வெகுநாளாகவே இழுப்பு உண்டாம். வரும்போது ஓர் ஊசி போட்டுக்கொண்டு வருவார்களாம். பேச்சு வளர்ந்தபோதுதான் தெரிந்தது, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காளுக்கும் அதே தொல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் டிரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் கிடந்தது. ஏன் என்று கேட்டோம். தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொம்பளப் பிள்ளைக்கு இது இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு சாமி வந்து கேப்பா?"

ஆஸ்துமாவைப் பற்றி மருத்துவ நூல்கள் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு வீட்டிலேயே இருந்தது. புகை இருந்தது, வறுமை இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனால் மருந்து பெட்டிக்குள் இருந்தது.

ஆஸ்துமா என்பது வெறும் சளி அல்ல. நம் நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவர் சிலருக்கு எப்போதும் சற்று வீங்கிச் சிவந்தே இருக்கும். தூசு, புகை, பூஞ்சை, கரப்பான் கழிவு, சாதாரணத் தடுமன் என ஏதாவது ஒன்று உறுத்தினால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், வீக்கம் கூடும், கோழை அடைக்கும். உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் திணறும். அந்தக் குறுகிய வழியே காற்று வெளிவரும் சத்தத்தைத்தான் இரைப்பு என்கிறோம்; இப்போது எல்லாரும் 'வீசிங்' என்கிறார்கள். மூக்கு ஒழுகுதல், அடுக்குத் தும்மல், தோலில் அரிப்போடு கூடிய தடிப்பு போன்ற ஒவ்வாமைத் தொல்லைகள் பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. குழந்தைப் பருவத்தில் தோலில் தொடங்கி, பிறகு மூக்குக்கும் நெஞ்சுக்கும் வருவது பலரிடம் காணப்படுகிறது. இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது.

இதற்கு இரண்டு வகை மருந்துகள் உண்டு. ஒன்று, இறுகிய தசையை உடனே தளர்த்துவது. பெரும்பாலும் நீல நிற இன்ஹேலரில் வரும் சால்பியூட்டமால். மற்றொன்று, உள்ளே இருக்கும் வீக்கத்தை நாளடைவில் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். உயிரைக் காப்பதில் இரண்டாவதற்கே பெரும்பங்கு. முதலாவதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று, உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு 2019ஆம் ஆண்டிலிருந்து தெளிவாகவே சொல்லிவருகிறது. ஆனால் நம் மக்களிடையே நடப்பது என்ன? மூச்சு முட்டினால் ஊசி, அடங்கினால் மறதி. "இன்ஹேலர் பழகிப்போயிடும், அது கடைசி மருந்து" என்ற பயம் வேறு. உண்மையில் 4 மில்லிகிராம் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் இருப்பது, இன்ஹேலரை 40 முறை அழுத்தினால் வரும் அளவு மருந்து. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தருகிறது. இன்ஹேலரோ சிறிதளவு மருந்தை நேரே நெஞ்சுக்குள் சேர்க்கிறது. எது வலிய மருந்து, எது மெல்லிய மருந்து என்பதையே நாம் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம்.

இதன் விலை என்ன தெரியுமா? 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் உலகின் ஆஸ்துமா மரணங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவில்தான் நிகழ்கின்றன. நோய் ஒன்றுதான். ஆனால் பணமும் மருத்துவரும் எட்டும் தூரத்தில் உள்ளவருக்கு அது ஒரு தொல்லை. மற்றவருக்கு அது சாவு. இந்திய நகரங்களிலும் ஊர்களிலும் ஏறக்குறைய 1,27,000 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கான காரணத்தையும் காட்டுகிறது. இரைப்பு இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது ஆஸ்துமா என்று யாருமே சொல்லியிருக்கவில்லை. வீக்கம் தணிக்கும் இன்ஹேலரை அவர்களுள் நாள்தோறும் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. நம் பீடச் சிறுவனும் அவன் அக்காளும் விதிவிலக்கல்ல என்பதை இந்த எண்கள் சொல்லிவிட்டன.

இனி புகைக்கு வருவோம். ஆஸ்துமா உள்ளவரே புகைத்தால் என்ன ஆகும் என்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த, வறுமையும் புகைப்பழக்கமும் கூடவே குடியிருந்த நகரம் அது. புகைக்கும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் சரிவர வேலை செய்வதில்லை என்று 2002இல் அவர்கள் கண்டார்கள். புகைக்காதவருக்குப் பலன் தந்த அதே மருந்து, அதே அளவில் கொடுத்தும் புகைப்பவருக்குப் பெரிதாக உதவவில்லை. அதாவது புகை நோயைக் கூட்டுவது மட்டுமல்ல, மருந்தின் கையையும் கட்டிப்போடுகிறது. ஆனால் அதே மருத்துவர்கள் 2006இல் ஒரு நல்ல செய்தியையும் தந்தார்கள். புகைப்பதை விட்ட ஆஸ்துமா நோயாளிகள் மூச்சை வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேற்றும் காற்றின் அளவு, விடாதவர்களைவிட ஆறே வாரங்களில் ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் "இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கும் நம் பெரியவர்களிடம் சொல்ல நம் கையில் ஒரு பதில் இருக்கிறது.

புகைப்பவர் தம் நுரையீரலைக் கெடுத்துக்கொள்வதோடு காரியம் முடிந்தால் அது அவருடைய சுதந்திரம் என்று வாதிடலாம். அப்படி முடிவதில்லையே. பிறர் விட்ட புகையைச் சுவாசித்ததால் 2004ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 6 இலட்சம் பேர் இறந்ததாக 2011இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். கால் பங்குக்கும் மேல் குழந்தைகள். ஆஸ்துமாவால் இறந்தவர்கள் மட்டும் 36,000க்கும் மேல். நம் நாட்டில் ஆண்களில் ஐந்தில் ஒருவர் புகைக்கிறார். பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர் என்கிறது 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பு. ஆனால் வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் பெரியவர்களில் மட்டும் நூற்றுக்கு 39 பேர். கருவுற்ற தாய் சுவாசிக்கும் புகை கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் வளர்ச்சியையே குறைக்கிறது. பிறக்கும் முன்பே ஒரு பிள்ளையின் மூச்சில் பங்கு கேட்பவர் யார்? "நான் வாசலுக்குப் போய்த்தான் பிடிக்கிறேன்" என்பார்கள். திண்ணையில் பிடித்த புகை வாசல் வழியாக உள்ளேதான் வருகிறது. சட்டையிலும் தலைமயிரிலும் படிந்ததும் கூடவே வருகிறது.

மீண்டும் ஸ்காட்லாந்து. 2006 மார்ச் மாதம் அங்கே உணவகம், மதுக்கடை, பணியிடம் என்று மூடிய பொது இடங்கள் அனைத்திலும் புகைக்கத் தடை வந்தது. அதற்கு முன் ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 5 விழுக்காடு அளவில் கூடிக்கொண்டிருந்தது. தடைக்குப் பிறகு ஆண்டுக்கு 18 விழுக்காடு குறைந்தது. மதுக்கடையில் தடை போட்டால் குழந்தைகளுக்கு எப்படி நன்மை? பெரியவர்கள் வெளியே பழகிய ஒழுங்கை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்கள் என்பதே விளக்கம். நம் நாட்டிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை நடைமுறையில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் அந்தத் தடை எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்று தெரியும்.

ஆனாலும் புகைக்கும் ஏழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நம் நாட்டில் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்பவர்களே அதிகம். காரணம் விலை. பீடியில் புகையிலை குறைவு, இலையில் சுற்றியது, ஆகவே தீங்கும் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. பீடி அடிக்கடி அணைந்துபோகும். அணையாமல் இருக்க வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஆகவே நச்சு கூடுதலாகவே உள்ளே போகிறது. இருந்தும் வரி விதிப்பதில் அரசுகள் பீடியிடம் எப்போதும் இளக்கம் காட்டியே வந்திருக்கின்றன. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு இருந்த கூடுதல் தீர்வை பீடிக்கு இல்லை. 2025 செப்டம்பரில் கூடிய அந்த வரிக்கான மன்றம், சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என்று முடிவு செய்த அதே கூட்டத்தில் பீடிக்கான வரியை 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்க முடிவு செய்தது. காரணம் கேட்டால், பீடித் தொழிலாளர்களின் பிழைப்பு என்பார்கள்.

இந்தப் பதிலை நாம் எளிதாக ஒதுக்கிவிடவும் முடியாது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் கிராமங்களில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெண்ணின் தாலித் தங்கமும் பீடிக்கடைக் கூலியிலிருந்து வந்த வீடுகள் எத்தனையோ. இலையை நனைத்து வைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடித்து, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றும் தாய்மார்களை நாம் அறிவோம். நாள் முழுவதும் அந்தப் புகையிலைத் தூசு அவர்கள் மூக்கிலும் நெஞ்சிலும் படிகிறது. மடியில் கிடக்கும் கைக்குழந்தைக்கும் அதே காற்றுதான். புகைக்காமலேயே புகையிலையின் கேட்டைச் சுமப்பவர்கள் இவர்கள். நாளைக்கே இந்தத் தொழில் வேண்டாம் என்று பிரசங்கத்தில் சொல்வது நமக்கு எளிது. நாளைக்கு அந்த வீட்டில் உலை கொதிக்குமா என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் வேண்டும். மாற்றுத் தொழில் தராமல் தரும் அறிவுரையை நாம் பெரிதாக மதிப்பதில்லை.

நாமும் சுத்தமானவர்கள் அல்லர். குருமட நாள்களில் மாலை விளையாட்டு முடிந்து மதில் ஓரம் ஒதுங்கியவர்கள் நம்மில் உண்டு. இன்றும் விடமுடியாமல் தவிக்கும் குருக்கள் உண்டு. வத்திக்கான் நகரிலேயே ஊழியர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்கப்பட்டுவந்தது. மக்களின் உயிரைக் கெடுத்து வரும் இலாபம் முறையானது ஆகாது என்ற காரணத்தால், 2018 முதல் அந்த விற்பனையை நிறுத்தினார் திருத்தந்தை பிரான்சிஸ். 2025 ஏப்ரலில் மறைந்த அவர், இளவயதிலேயே நோயால் நுரையீரலின் ஒரு பகுதியை இழந்தவர்.

ஏழை நாட்டில் ஆஸ்துமாவுக்கு இப்படித்தான் இருக்கும் என்று கைவிரிப்பவர்களுக்குப் பிரேசில் நாட்டிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அந்நாட்டின் பாஹியா மாநிலத் தலைநகரின் பெயர் சால்வடோர். மீட்பர் என்று பொருள். ஏழைகள், அதிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் நிறைந்த நகரம். கடும் ஆஸ்துமா உள்ள ஒருவரின் வீட்டில், குடும்ப வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் அந்த நோய்க்கே செலவானது. 2003இல் மருத்துவர் ஆல்வரோ குரூஸ் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த இன்ஹேலரை இலவசமாகக் கொடுத்தார்கள், பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள், திரும்ப வரவழைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான். சில ஆண்டுகளிலேயே அந்த நகரத்தில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. வீட்டுச் செலவும் இறங்கியது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னொன்று. சிறுபிள்ளைகளுக்கு இன்ஹேலரை நேரடியாக வாயில் வைத்து இழுக்கத் தெரியாது. நடுவில் ஒரு குடுவை வேண்டும், 'ஸ்பேசர்' என்பார்கள். ஏழைகளுக்கு அதுவும் ஒரு செலவு. கேப் டவுன் நகர மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளியை அடைத்துக் கொடுத்துச் சோதித்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசருக்குக் குறையாமல் அது வேலை செய்தது என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நாம் குடித்துவிட்டுத் தூக்கி எறியும் தண்ணீர் பாட்டில்! மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டிச் சரியாகச் செய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

திருவிழாவன்று நமக்குத் தெரியாமல் போன அடையாளங்களை அந்த அருள்சகோதரி பிறகு ஒவ்வொரு அன்பியக் கூட்டத்திலும் சொல்லிக்கொடுத்தார். இரைப்பு வந்தவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, நீல இன்ஹேலர் கொடுத்தும் அடங்கவில்லை என்றால் சோடா வேண்டாம், தைலம் வேண்டாம், படுக்கவைக்க வேண்டாம். நிமிர்ந்து உட்காரவைத்து 108ஐ அழைக்க வேண்டும். சத்தமாக இரைந்துகொண்டிருந்தவர் திடீரென்று சத்தமில்லாமல் ஆனால் குணமாகிவிட்டார் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. காற்றே போகவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

நம் ஆலயத்தில் இப்போது தூபத்துக்குச் சாம்பிராணி ஒரு சிட்டிகைதான். சன்னல்களைத் திறந்தபிறகே கலசத்தைக் கொண்டுவருகிறார்கள். "திருவிழாக் களையே இல்ல சாமி" என்று ஓரிரு பெரியவர்கள் குறைப்பட்டார்கள். இரைப்பு உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்று சொன்னதும் அமைதியானார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் நான்கு குடும்பங்களுக்கு மாதந்தோறும் இன்ஹேலர் வாங்கிக் கொடுக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மாதத்தில் அந்தப் பணம் ஒரு வீட்டின் சிலிண்டருக்குப் போகிறது.

அந்தத் தாய் இன்னும் பீடி சுற்றுகிறார். ஆனால் சுளகு திண்ணையின் மறு ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. தாத்தா பீடியை விடவில்லை. தெருவுக்கு அப்பால் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பிடித்துவிட்டு வருகிறார், எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்திருப்பதாகச் சொல்கிறார். மூத்தவளின் இன்ஹேலர் பெட்டியிலிருந்து சன்னல் விளிம்புக்கு வந்துவிட்டது. யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் அதை எடுத்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்களாம்.